அல்பேர்ட் புதைத்த கதவு

வீடு வாடகைக்கு விடுகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். லிஸ்ற் எழுதுங்கள். கதவு எத்தனை, யன்னல் எத்தனை, ஃபான் சுற்றுகிறதா, கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். குடிவருகிறவரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து காட்டுங்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கமாக இருக்கிறதா? இருக்கட்டும். பிறகு றோட்டில் நின்று ஆளை ஆள் ஏசுகிறது அதைவிட வெட்கம்.

என் பெயர் புனிதம். முல்லைத்தீவுக் கரையில், கோயிலுக்குப் பின்பக்கம் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒருமுறை என்னிடம் இருந்த ரீச்சர் ஒருத்தி வெளிக்கிடுகிற நாளில், குளியலறைக் கண்ணாடி வெடித்திருப்பதைக் கண்டு நான் கத்தத் தொடங்கினேன். அந்தப் பிள்ளை தன் லிஸ்ற்றை எடுத்து நீட்டியது. ‘கண்ணாடி ஒன்று, மூலையில் வெடிப்பு’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சரி பிள்ளை, மன்னிச்சுக்கொள் என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவ்வளவோடு சண்டை முடிந்தது. இன்றைக்கும் பெருநாளுக்கு அவளிடமிருந்து போன் கோல் வரும்.

இதைத்தானே ஆன்சலாவுக்கும் தலைதலையாய் அடித்துச் சொன்னேன். கேட்டாளா?

ஆன்சலா எனக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவள். என்னைவிட இளையவள். பிள்ளைகுட்டி இல்லை. புருசன் அல்பேர்ட் நல்ல கடல்காரன். சுனாமி அடித்துப் போன பிறகு அவன் தன் கையால் கட்டிய வீட்டுக்கு முதிரை மரத்தில் ஒரு கதவு போட்டான். தச்சு ஓடாவிக்குப் பக்கத்தில் நின்று சீவித் தேய்த்து, ஊரில் யாரிடமும் இல்லாத கதவு என்று வாறவன் போறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். சண்டை கிட்டே வந்து நாங்கள் எல்லோரும் மூட்டை கட்டியபோது, சனம் அரிசியையும் சட்டி பானையையும் தூக்கியது. இந்த மனுசன் கதவைக் கழற்றினான். தறப்பாளில் சுற்றி, தென்னைக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டிப் புதைத்தான். விசரா உனக்கு என்று நான்கூடப் பேசினேன்.

கடைசிச் சண்டைக்குத் தப்பி ஓடின சனநெரிசலில், வட்டுவாகல் பாலத்தடியில் அவன் ஆன்சலாவிடமிருந்து பிரிந்தான். அதற்குப் பிறகு யாரும் அவனைக் காணவில்லை.

அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடும் இல்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, எது யாருடைய வளவு என்றே தெரியவில்லை. ஆன்சலா மண்வெட்டியோடு போய்த் தோண்டினாள். கதவு கிடந்தது. கீழ்ப்பக்கம் ஷெல் துண்டு பாய்ந்து ஒரு பொத்தல், மற்றப்படி ஒரு குறையும் இல்லை. அவள் அதைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையை நான் எந்தச் செத்த வீட்டிலும் கேட்டதில்லை.

பிறகு வீட்டுத்திட்டத்தில் புது வீடு கிடைத்தது. மேசன் நிலையை வேறு அளவில் வைக்கப் போக, இவள் குறுக்கே நின்று, இந்தக் கதவின் அளவுக்குத்தான் நிலை வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

“அவர் வந்தால் ஒழுங்கையும் தெரியாது, வீடும் தெரியாது, புனிதமக்கா. இந்தக் கதவைக் கண்டால்தான் நிப்பார்,” என்றாள்.

 ஓமடி என்றேன்.

தனிப் பொம்பிளைக்கு இந்தக் கரையில் என்ன உழைப்பு இருக்கிறது? கருவாடு காயப்போட்டாள், வலையில் மீன் தெரிந்து கொடுத்தாள், ஒன்றும் காணாது. கடைசியில் வவுனியாவில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. வீட்டை வாடகைக்கு விடப் போனாள். றோட்டு வேலைக்கு வந்த சூப்பவைசர் ஒருவர், ராஜரத்தினம், மனுசி சிவரூபியோடு வந்து பார்த்தார். நல்ல மரியாதையான கதை. அக்கா, அக்கா என்று குழைந்தார். அன்றைக்கே நான் கொப்பித் தாளும் பேனையுமாக ஆன்சலாவிடம் போய் நின்றேன்.

“இருக்கிறதை எழுதி அவரிட்டக் கையெழுத்து வாங்கடி.”

“நான் எழுதமாட்டன், அக்கா.”

“ஏன்? கை நோகுமோ?”

“அவர் இருக்கேக்க அவற்ற சாமானை நான் லிஸ்ற் போடுறதோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் கரையில் சாமான் எழுதுவது என்றால் அது ஒன்றுக்குத்தான். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் பங்குக்காரர் வீட்டுக்கு வருவார்கள். வலை, வள்ளம், இயந்திரம் தொடங்கி அவன் இருந்த கதிரை வரைக்கும் ஒரு தாளில் எழுதி, சகோதரங்களுக்கு இது, பெஞ்சாதிக்கு இது என்று பிரிப்பார்கள். எழுதி முடித்தால் ஆள் முடிந்தான். அதற்குப் பிறகு யாரும் அவனுக்காகக் கடலைப் பார்ப்பதில்லை. வேறு ஊரில் இருக்கிறவர்களுக்கு இது வெறும் வாடகைக் கடதாசி. ஆன்சலாவுக்கு அது அல்பேர்ட்டின் செத்த வீடு.

“இது அதில்லையடி! வாடகைக்காரனுக்கு எழுதுறது வேற, அது வேற!” என்று கத்தினேன்.

“எனக்கு ரெண்டும் ஒண்டுதான். வீடும் அவற்ற, வளவும் அவற்ற. வந்து கேட்டால் நான் என்ன சொல்லுவன்?”

வீட்டுத் திறப்பை ராஜரத்தினத்தின் கையில் கொடுத்துவிட்டு வவுனியா பஸ் ஏறிவிட்டாள். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ‘கதவைக் கவனமாப் பாருங்கோ தம்பி’ என்று வாயால் சொன்னாளாம். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று.

பாஸ்காப் பெருநாளுக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து நான் பூநகரியில் தங்கச்சி வீட்டில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் என் வாசலில் குந்தியிருக்கிறாள். முகத்தில் இரத்தமில்லை.

“அக்கா, கதவைக் காணேல்லை.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். நிலையை இடித்து அகட்டி, பச்சைப் பெயின்ற் அடித்த இரும்புக் கதவு ஒன்று போட்டிருந்தது. பூநகரிக்குப் போகமுதல் நான் பார்த்தபோது பழைய கதவு நின்றது. நான் இல்லாத நாட்களுக்குள் வேலை முடித்திருக்கிறார்கள். ராஜரத்தினம் முதலில் சிரித்தார். பொத்தல் கதவு அக்கா, பாம்பு வரும் எண்டு சிவரூபி பயந்தவா, அதுதான் நல்லதாப் போட்டுத் தந்தனான் என்றார். கதவுக்கான செலவை நாங்கள் தரவேண்டுமாம். பழையது எங்கே என்று நான் தொண்டை கிழியக் கேட்கத் தொடங்கியதும் ஆளின் முகம் மாறியது. விற்றுவிட்டது வெளியே வரப்போகிறது என்று பயந்தாரோ என்னவோ, ஒரேயடியாய்க் கதையைத் திருப்பினார்.

“முதிரைக் கதவோ? அப்பிடி ஒண்டு இங்க இருக்கேல்லை. பலகைத் துண்டு ரெண்டுதான் கிடந்தது. இருந்தது எண்டால் அத்தாட்சியைக் காட்டுங்கோ.”

நாசமறுப்பான்! ஊர் முழுக்கக் கண்ட கதவு!

கோட்டுக்குப் போகமுதல் சமாதானம் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்குப் போனோம். அவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள். வீடு கொடுக்கும்போது சாமான் விபரம் எழுதினீர்களா அம்மா என்று கேட்டார்கள். இவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதிய ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே அந்த மனிதரின் வாய் மூடியிருக்கும். இல்லை. ஊர்ச் சாட்சியையும் எங்கள் ஆட்கள்தானே என்று அவர் தட்டிவிட, அவர் சொல்வது ஒன்று, நாங்கள் சொல்வது ஒன்று, அவ்வளவில் நின்றது. அந்தக் கிழமையே ராஜரத்தினம் வேலை முடிந்தது என்று குடும்பத்தோடு வெளிக்கிட்டுவிட்டார்.

ஆன்சலா வீட்டுக்குள் போகவில்லை. இரும்புக் கதவுக்கு முன்னால் முற்றத்தில் பாயைப் போட்டு இருந்தாள். சோறு கொண்டுபோனால் தொடமாட்டாள். ஒழுங்கையில் யாரும் நடந்தால் எழும்பி எட்டிப் பார்ப்பாள்.

“இந்தக் கதவைப் பாத்தால் அவர் வேற வீடெண்டு திரும்பிப் போயிடுவார், அக்கா. இத்தினை வருசம் வச்சிருந்து இப்ப துலைச்சுப்போட்டன். நான் என்ன செய்ய? எனக்கு ஒரு வழி சொல்லுங்கோ!”

மாதாவே, அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவைத் தேடி எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்கும் தெரியவில்லை. அவளை இழுத்துக்கொண்டு பழைய மரம் வாங்குகிற இடமெல்லாம் ஏறி இறங்கினேன். புதுக்குடியிருப்பில் இல்லை. முள்ளியவளையில் இல்லை. தண்ணீரூற்றில் முத்தலிப் நானாவின் மரக்காலையில் போய்ப் பொத்தலைப் பற்றிச் சொன்னதும், அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“அல்லாவே! அது உங்கட கதவோ, தங்கச்சி? ராஜரத்தினம் எண்டவர் தன்ர வீட்டுப் பழைய கதவெண்டு தந்தவர். ஒட்டுசுட்டான் மயில்வாகனத்தாருக்குக் குடுத்திட்டனே!”

அவரே தன் பட்டா லொறியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

மயில்வாகனத்தார் நெல் வாங்கி விற்கிறவர். காட்டுக் கரையில் வீடு. யானை வந்து குசினிச் சுவரைத் தள்ளிவிட்டுப் போனதாம், அதனால் உறுதியான கதவாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். போய் இறங்கியதும் கண்டோம். அவர் வீட்டுக் குசினி நிலையில் அல்பேர்ட்டின் கதவு நின்றது. ஆன்சலா ஓடிப்போய் அந்தப் பொத்தலில் விரலை வைத்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள்.

“கதவு உங்கடதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. காசும் வேண்டாம், முத்தலிப்போட நான் கதைச்சுக்கொள்ளுறன். ஆனால் இது ஆற்ற பேருக்குரியது?” என்று மயில்வாகனத்தார் கேட்டார்.

“என்ர மனுசன்ர.”

“அவர் எங்க?”

“இன்னும் வரேல்லை, ஐயா.”

 மனிதர் மெதுவாகச் சொன்னார். “குறை நினைக்காதேங்கோ, பிள்ளை. உங்களைப்போல ஒருத்தி வந்து அழுதவா எண்டு, அவவின்ர மனுசன்ர டிராக்டர் பெட்டியை நான் தூக்கிக் குடுத்தனான். அந்தாள் தடுப்பு முகாமால வந்து என்னைப் பொலிசில ஏத்தினது. ஆரைக் கேட்டுக் குடுத்தனி எண்டு. உங்கட ஆள் இருக்கிறார் எண்டால் அவரே வந்து எடுக்கட்டும், அதுவரைக்கும் நான் பத்திரமா வச்சிருக்கிறன். இல்லையெண்டால், இல்லையெண்டு எழுதிக் கையெழுத்து வச்சிட்டு நீங்கள் கொண்டுபோங்கோ.”

“நீர் மனுசனோ?” என்று நான் பாய்ந்தேன். “அவள் இத்தினை வருசமாச் சொல்லாத சொல்லை உமக்கு எழுதித் தரவேணுமோ? ஒரு பலகைக்கோ?”

முத்தலிப் நானா என் கையைப் பிடிக்காத குறையாக மறித்தார். மயில்வாகனத்தார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கதவைக் கழற்றச் சொல்லவில்லை. அவருக்கும் சூடுபட்ட பயம். யாரை நோவது?

ஆன்சலா எழும்பவே இல்லை. கதவை விட்டுவிட்டுப் போனால் அல்பேர்ட் வரும்போது வீட்டில் அவனுக்கு அடையாளம் இல்லை. கொண்டுபோவது என்றால் அல்பேர்ட் வரமாட்டான் என்று எழுதவேண்டும். அவள் ஐயாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். வெயில் ஏறி முற்றம் கொதித்தது. உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள், அவள் தொடவில்லை.

“எழுதுங்கோ, அக்கா,” என்றாள்.

“வேண்டாமடி. வா, போவம்.”

“வீட்டில அந்த இரும்புக்கு முன்னால எனக்கு இருக்கேலாது. எழுதுங்கோ.”

முத்தலிப் நானா தாள் தந்தார். நான் எத்தனை வீட்டு லிஸ்ற் எழுதியவள்! ‘முதிரைக் கதவு ஒன்று, கீழ்ப்பக்கம் பொத்தல், பிணைச்சல் மூன்று’ என்று எழுதினேன். உரியவர் என்று போட்டுவிட்டு, அவன் பெயருக்கு முன்னால் வரவேண்டிய சொல்லில் கை நின்றுவிட்டது. என்னால் முடியவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் கையிலிருந்து பேனையை வாங்கி, ‘காலஞ்சென்ற அல்பேர்ட்’ என்று தானே எழுதிக் கையெழுத்து வைத்தாள். நல்ல தெளிவான எழுத்து.

மயில்வாகனத்தார் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தானே நின்று கதவைக் கழற்றி வாகனத்தில் ஏற்றிவிட்டார். வழி முழுக்க ஆன்சலா பின்னால் கதவோடு இருந்தாள். 

அடுத்த நாள் காலை ஓடாவியைக் கூப்பிட்டு இரும்புக் கதவைக் கழற்றி, நிலையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, முதிரைக் கதவைக் கொளுவினோம். ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து பார்த்தது. வந்திட்டுதே, போன கதவு திரும்பி வந்திட்டுதே என்று ஆளுக்காள் சந்தோசப்பட்டார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். ஓடாவி பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, முற்றத்தில் நின்ற ஆன்சலாவைக் கூப்பிட்டார்.

“அக்கா, இறுக்கமோ எண்டு ஒருக்காத் திறந்து பாருங்கோ.”

அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“இனி ஆருக்குத் தம்பி திறக்கிறது?” என்றாள்.