லைட்டுக்காரரின் கோழி

முட்டைப் பண்ணையில் விளக்குகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் லைட்டுக்காரர் என்பார்கள். கோழிகள் ஓயாமல் முட்டையிட, கூண்டுகளுக்கு மேல் இரவு பத்து மணிவரை பல்பு எரிய வேண்டும். டைமரில் அந்த நேரத்தைத் திருகி வைப்பது அவர் வேலை. சூரியனுக்கே மேலதிகாரி.

பண்ணை கழித்துவிட்ட கோழி ஒன்றைப் போன மாதம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். கழுத்தில் இறகே இல்லை. இருட்டில் மிரளுமே என்று அதற்கும் பத்து மணிவரை பல்பு போட்டார். நேற்றுக் காலை அது உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்தார். "எலும்புல சத்தே இல்லையே. வெளிச்சம் இருந்தா பகல்னு நெனச்சு முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், எலும்புச் சத்தெல்லாம் முட்டை ஓட்டுக்கே போயிடும். எந்தப் புத்திசாலிய்யா பல்பு மாட்டினது?"

பண்ணையில் இதே கொலைக்குச் சம்பளம் உண்டு. வீட்டில் இலவசமாகச் செய்திருக்கிறார்.

குழி வெட்டும்போது மைத்துனன் வந்தான். "ஒரு கோழிக்கா மாமா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? அங்கதான் ஆயிரக்கணக்குல இருக்கே, இன்னொண்ணு தூக்கிட்டு வாங்க." மண்வெட்டி உயர்ந்ததும் ஓட்டம் பிடித்தான்.

இன்று பண்ணையின் எல்லா டைமர்களையும் ஆறு மணிக்குத் திருகினார். ஆறே காலுக்கு முதலாளி ஃபோனில் குதித்தார்.

"யோவ், கொட்டகை ஏன்யா இருட்டா கெடக்கு?"

"பொழுது சாஞ்சிடுச்சு முதலாளி."