புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுபோன ஊட்டி மீன்

மீன் வந்த காலையில் வீட்டில் இருந்தது நான், அம்மா, மாமா, ஒரு தகர டின் நிறைய விரல் நீள டிரவுட் குஞ்சுகள். இல்லாதவர் அப்பா. கல்வராயன் மலைக்குப் போகும் ரோட்டில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். இட ஒதுக்கீடு கேட்டு மறியல்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. ஊட்டிக்குக் கட்டட வேலைக்குப் போனவர், அங்கே தொப்பிக்காரர்கள் காசு கட்டி ஓடையில் தூண்டில் போடுவதைப் பார்த்துவிட்டார். மீன் பிடிக்கக் காசு கொடுப்பார்களா! அதோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. கல்வராயனும் மலைதானே, அங்கேயும் ஓடை இருக்கிறதே என்று, அம்மாவின் இரண்டு ஆடுகளை விற்றுக் குஞ்சு வாங்கிவிட்டார். தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விற்றவர் சொன்னதால், பஸ்ஸில் வழி நெடுக ஐஸ் போட்டு, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாராம். கள்ளக்குறிச்சியில் வந்து இறங்கிய பிறகுதான் மரம் விழுந்தது.

குஞ்சுகளைக் கிணற்றடித் தொட்டியில் விட்டு, “அக்கா, சொம்பால ஊத்திக்கினே இரு, நிறுத்தாத” என்று சொல்லிவிட்டு மறியலுக்கு ஓடினார். நானும் ஓடினேன்.

“மச்சான், ஒரே ஒரு மாட்டு வண்டி போவட்டும். மீனு செத்துப்பூடும்.”

“ஜீப்புக்கே வழி வுடல, உன் மீனுக்கு வுடணுமா மாப்ள?”

மரத்தின் மேலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “இதால உங்களுக்கு இன்னா கெடைக்கப் போவுது?”

“எனக்கு ஒண்ணும் கெடைக்காது. தோ நிக்கிறானே, அவனுக்குக் கெடைக்கும்” என்று அப்பா என்னைக் காட்டினார்.

எனக்குக் கிடைத்தது புளியம்பிஞ்சு. டவுசர் பை கொள்ளாமல் திணித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால் அம்மா சந்தோஷமாக நின்றிருந்தாள். “பாவம்டா, ராவெல்லாம் பட்டினி போல. வாயத் தெறந்துக்கினு மேல மேல வருது. ஊத்தறத வுட்டுட்டுத் தவுடு போட்டுக்கினு இருக்கேன்.”

தொட்டித் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கி, வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. மாமா கையை விட்டுப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஐயோ அக்கா, அது பசியில்ல. மூச்சு முட்டுது!”

சாயங்காலம் அப்பா வந்தபோது எல்லாம் மல்லாந்து மிதந்தன. “கொழம்பு வெச்சுடேன்” என்றார்.

அம்மா சொம்பை வீசினாள். “உனக்கு ரோடு, அவனுக்கு மீனு. ஆடு மட்டும் என்னுதா?”

பிற்பாடு கல்லூரி விலங்கியல் வகுப்பில் படித்தேன்: தண்ணீர் சூடானால் அதில் காற்று குறையும், டிரவுட் தாங்காது. மரம் விழாமல் மலைக்கே போயிருந்தாலும் அவை அந்த ஓடையில் ஒரு பங்குனி வெயிலைத் தாண்டியிருக்காது. இதைச் சொன்னால் மாமா கேட்பதில்லை. இன்னும் அப்பாவைத்தான் திட்டுகிறார். அந்த வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தது எந்த மரத்தால் என்பதும், பிஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அன்று தெரியாது.

அம்மாவின் கணக்கில் ஆடு, ஐஸ், பஸ், தவிடு எல்லாம் சேர்த்து எழுநூற்று முப்பது ரூபாய்.