‘போட்டு வாறன்’ படுத்திய பாடு

நான் தாதியாக இருந்த கிளினிக்கில் கவினைச் சந்தித்த முதல் நாளே என் முன்கையில் அவன் பல் பதிந்தது. “பக்கத்து அறைக்குப் போட்டு வாறன் அப்பன்” என்று அவனிடம் சொல்லிப் போனவள், அங்கே வேறொரு பிள்ளையோடு மினக்கெட்டு நேரத்தைப் போக்கிவிட்டேன். திரும்பி வந்ததும் கடித்தான். ஒன்பது வயது. சின்னதில் வந்த மூளைக் காய்ச்சல் பேச்சில் பாதியையும் பொறுமை முழுவதையும் கொண்டு போயிருந்தது.

தாய் வசந்தி கொடிகாமத்தில் தோட்டம் செய்பவர். “மிஸி, இன்னொருக்காக் கடிச்சால் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப்போடுவினமாம். பிறகு உவனைக் கயித்திலை கட்டிப்போட்டே நான் தோட்டத்துக்குப் போறது?” என்று அழுதார். அந்தச் சிறப்புப் பள்ளியை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

டொக்டர் மருந்தின் டோஸைக் கூட்டினார். கவின் கதிரையிலேயே தூங்கி வழிந்தான். விழித்ததும் டொக்டரைக் கடித்தான். டோஸ் பழையபடி குறைந்தது.

“வீட்டை ஒருக்காப் போய்ப் பாருங்கோ மிஸி. என்ன நடந்தால் உவனுக்குக் கோவம், கொதி வருது எண்டு கவனியுங்கோ,” என்றார் டொக்டர், கையைத் தடவியபடி.

போனேன். தேத்தண்ணி குடித்து முடியும்வரை பிள்ளை தங்கம். “அப்ப போட்டு வாறன்” என்று விடைபெற்று எழும்பி வந்தேன். ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் குடையை விட்டது நினைவுக்கு வந்தது. திரும்பினால், கவின் படலை வாசலில் கல்லோடு நிற்கிறான். என் மண்டை போச்சு என்றே நினைத்தேன். அவனோ என்னைக் கண்டதும் கல்லைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

அப்போதுதான் விளங்கியது. ஊர் முழுக்க வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறது. இவன் ஒருவன்தான் அதை நம்பி நிற்கிறான். நின்று பொறுக்க அந்த மூளையால் முடியவில்லை.

“இனிப் போறன் எண்டு நேராச் சொல்லுவம், வசந்தி.”

“ஐயோ மிஸி, என்ன கதை கதைக்கிறியள்! வீட்டுக்கு வந்த ஆக்கள் அப்பிடிச் சொல்லுவினமே?”

“அப்ப ஒண்டும் சொல்லாமல் போவம்.”

“அது செத்தவீட்டிலை!”

வழக்கமும் கெடாமல் கையும் தப்ப ஒரே வழிதான் மிஞ்சியது. வாறன் என்றவர் வர வேண்டும். விருந்தாளிகள் படலைவரை போய், திரும்பி வந்து, “வந்திட்டன்” என்று கவினின் கையில் தட்டி, டாட்டா காட்டிப் போனார்கள். மீன்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். “என்ன அண்ணை, எதையும் விட்டிட்டியளோ?” என்று அயலவர்கள் பகிடி பண்ணினார்கள்.

பள்ளி அதிபர் மட்டும், “நான் உப்பிடிப் போட்டும் வந்தும் திரியேலாது” என்றார். கவின் பல்லைக் காட்டியதும், “வாறன், வாறன்!” என்று ஓடி வந்தார்.

மருந்தும் தொடர்ந்தது. திரும்பி வரும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினோம். போகப் போக, கையில் தட்டியதோடு, திரும்பி வராவிட்டாலும் ஆளை அனுப்பப் பழகினான். கொதி முற்றாக நிற்கவில்லை, ஆனால் கடி குறைந்தது. பள்ளிக்கூடம் அவனை வைத்துக்கொண்டது. வசந்தி நிம்மதியாகத் தோட்டத்துக்குப் போனார்.

புதிதாக வரும் தாதிகளுக்கு நான் சொல்வது இதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு டோஸைப் பார்ப்பதுபோல, உங்கள் வாயில் வரும் சொல்லையும் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் கிளினிக்கில் எல்லோரும் “போட்டு வாங்கோ மிஸி” என்றார்கள். கவின் என் கையில் தட்டி, “போ” என்றான். வசந்தி பதறி அவன் வாயைப் பொத்தினார். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

படியிறங்கிய பிறகு பார்த்தால், குடையைக் காணோம். திரும்பிப் போனேன். கவின் முறைத்தான்.

“போ எண்டனெல்லோ!”