டைட்டஸ் கேட் போட்ட நாள்

அந்தச் சின்னத் தீவில், விமான ஓடுபாதையின் மேற்கு மூலையில் சாலை வளைகிற இடத்தில் மினி பஸ்காரர்கள் இன்றும் ஒரு தடவை ஹாரன் அடிக்கிறார்கள். எதிரே வண்டி எதுவும் வருவதில்லை. புதிதாக வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் காரணம் கேட்டால், "டைட்டஸுக்கு" என்பார் ஓட்டுநர். அத்தோடு சரி.

டைட்டஸ் கயேன் அங்கே இருபத்தாறு வருஷம் கேட் போட்டவர். அந்தக் காலத்தில் தீவின் ஒரே சாலை ஓடுபாதைக்குக் குறுக்கே போனது. இந்தப் பக்கம் மாதா கோயில், அந்தப் பக்கம் கடலோரக் கல்லறை. ஒரு நாளைக்கு இரண்டு விமானம், ஒவ்வொன்றிலும் ஒன்பது இருக்கை. வானத்தில் புள்ளி தெரிந்ததும் டைட்டஸ் ஆடுகளை விரட்டிவிட்டு மூங்கில் கம்பை இறக்குவார். கண்ணை நம்பித்தான் பிழைப்பு. சங்கு எடுக்க மூழ்கி மூழ்கி இளவயதிலேயே இடது காது செத்துவிட்டது. வலது காதும் அரைகுறைதான்.

சனிக்கிழமை தவறாமல் ஈனா அத்தை தேங்காய் ரொட்டியோடு வந்து அவர் பக்கத்தில் நிற்பாள். மகன் ஆல்வின் அறுபத்தொன்றில் இங்கிலாந்து நெசவாலைக்குப் போனவன். "அடுத்த வருஷம் வருகிறேன்" என்று வருஷத்துக்கு ஒரு கடிதம். இறங்குகிறவர்களை அத்தை ஒவ்வொருவராகப் பார்த்து முடிப்பாள்.

"இன்னிக்கும் இல்லடா, டைட்டஸ்."

"ஒம்பது சீட்டுதானே அத்தை. உன் பையன் பத்தாவதா நின்னிருப்பான்."

அவள் சிரித்துக்கொண்டே போவாள். பதினைந்து வருஷம் இதே பேச்சு.

எழுபத்தாறு மார்ச்சில் அத்தை இறந்தாள். வியாழக்கிழமை மதிய விமானத்தில் வருகிறேன், அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆல்வின் தந்தி கொடுத்திருந்தான். மீன்படகு ஐஸில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் தாங்காது. பெரிய தீவிலிருந்து வந்திருந்த ஃபாதருக்கோ மூன்று மணிப் படகைப் பிடித்தாக வேண்டும். வியாழனன்று ஒரு மணிக்கு வரவேண்டிய விமானத்தை இரண்டாகியும் காணோம். ஊர்வலம் பாடிக்கொண்டே சாலையில் வந்தது.

டைட்டஸ் கம்பை இறக்கினார்.

பொய்யாக கேட் போட்டால் வேலை போய்விடும். விமானம் கிளம்பியதா, அதில் ஆல்வின் இருக்கிறானா, எதுவும் அவருக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமைகள் மட்டும் தெரியும்.

"என்னப்பா இது?" என்றார் ஃபாதர்.

"விமானம் வருது ஃபாதர். சத்தம் கேக்குது."

ஃபாதர் அண்ணாந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

டைட்டஸின் காது கதை ஊருக்கே தெரியும். கூட்டம் டைட்டஸையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மீன் விற்கும் மெரில், "எனக்குக் கேக்குது ஃபாதர்" என்றாள். பின்னால் இருந்தவர்களுக்கும் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தது. "எனக்கு ரெண்டு விமானம் கேக்குது" என்றான், காலையிலேயே ரம் போட்டிருந்த ஒருவன்.

"அது உன் மண்டைக்குள்ள சுத்துது. கீழ இறக்காதே" என்றாள் மெரில்.

சவப்பெட்டியை வாதாம் மர நிழலில் மீன் பெட்டிகள்மேல் இறக்கி வைத்தார்கள். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் நானே கம்பைத் தூக்கிடுவேன். ஆபீசுக்கும் எழுதுவேன்."

எட்டாவது நிமிஷத்தில் வடகிழக்கே ஒரு புள்ளி. முதலில் பார்த்தவர் டைட்டஸ்தான். பார்த்ததும் அவருக்கு உயிரே போயிற்று: ஓடுபாதை முழுக்க ஆடுகள். இத்தனை நேரம் அந்த ஞாபகமே இல்லை. "ஆடு! ஆடு!" என்று கத்திக்கொண்டு அவர் ஓட, துக்க உடுப்பில் இருந்த சனம் மொத்தமும் பின்னாலேயே ஓடியது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபாதரும்தான்.

ஏழாவது ஆளாக ஆல்வின் இறங்கினான். அந்த வெயிலில் தடித்த கம்பளிக் கோட்டு. தலையில் நரை. வாதாம் மரத்தடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டி செய்த படகு ஆசாரி மூடியை நகர்த்தினார்.

"இன்னும் ஆணி அடிக்கலையா?" என்றார் ஃபாதர்.

"சுத்தியலை மறந்துட்டேன் ஃபாதர்." சுத்தியல் அவர் இடுப்பில்தான் செருகியிருந்தது.

ஃபாதர் அதைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆல்வின் மண்டியிட்டு, அம்மாவின் கன்னத்தில் கை வைத்தபடி வெகுநேரம் இருந்தான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. மூன்று மணிப் படகு ஃபாதர் இல்லாமலே போனது. ஆபீசுக்குக் கடிதம் எதுவும் போகவில்லை.

சில வருஷங்களில் சாலையை ஓடுபாதையைச் சுற்றி வளைத்துப் போட்டார்கள். கேட்டுக்கு வேலை இல்லை. ஆனாலும் ஆல்வின் மார்ச் மாதம் தவறாமல் வந்தான். அவன் வருகிற நாளில், ஓய்வு பெற்றிருந்த டைட்டஸ் அந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பார். நடுவில் தேங்காய் ரொட்டி, ஐஸ் கட்டியே மூழ்கிப்போகிற காட்டமான ரம்.

"நெசத்தைச் சொல்லுண்ணே. அன்னிக்கு எந்தக் காதுல கேட்டுச்சு?" என்று அவன் ஒவ்வொரு வருஷமும் கேட்பான்.

டைட்டஸ் யோசிப்பதுபோல் கொஞ்சம் இருந்துவிட்டு, இடது காதைத் தொட்டுக் காட்டுவார்.