கொம்பு முளைத்த குதிரை

மாட்டுக்குச் சீன முறையில் ஊசி குத்தி வைத்தியம் பார்ப்பவர் அவர். தொழுவத்துக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றமாட்டார்; ஒவ்வொரு ஊசியையும் வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் குத்துவார். தீனி எடுக்காத என் பசுவைப் பார்க்க ஆமத்தூருக்கு வந்தவர், சக்தி ஓடும் பாதைகளும் குத்த வேண்டிய புள்ளிகளும் போட்ட படம் ஒன்றைத் தொழுவத்தில் மாட்டினார். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அடித்த படம் அது.

“இது குதிரைப் படமாச்சே. நீங்கதான கொம்பு மட்டும் வரையச் சொன்னீக?”

“மாடு என்ன, படத்தப் பாத்துக்கிட்டா நிக்கிது?” என்றபடி பசுவின் இடுப்பில் வரிசையாக ஊசிகளை இறக்கினார்.

பசு கழுத்தை நீட்டிப் படத்தை இழுத்து மென்று தின்றது.

“பாத்தீகளா, பசி வந்துருச்சு” என்றார், முகம் மாறாமல்.

அந்த மனிதருக்கு வெட்கம் வர எந்தப் புள்ளியில் குத்த வேண்டும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.