பட்டியலில் இருந்த பாகூர்க்காரன்

உஷாராணி பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக. பாகூரில் கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் அதற்கு வேறு பயன் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அந்த மொழி பிடித்துப்போயிற்று. பட்டம் வாங்கியதும், மூலக்குளத்தில் கலைவேந்தன் என்ற ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்குப் பிரெஞ்சு வராது.

பிரெஞ்சுப் பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றைப் பற்றி அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பிரான்சிலிருந்து வந்த பழைய ஏடுகளின் படங்களை ஆறு வருஷம் உட்கார்ந்து வாசித்தவள் உஷாராணி. புதுச்சேரிக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த கப்பல், மூன்று மணிநேரச் சண்டையில் ஆங்கிலேயரிடம் சிக்கியது. அவர்கள் ஓட்டைகளை அடைத்து, பேரை மாற்றி, அதே பீரங்கிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் மேலேயே திருப்பினார்கள். பழசானதும் பாய்மரங்களைக் கழற்றிவிட்டு, கைதிகளை அடைக்கும் மிதக்கும் சிறையாக்கினார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு அனுப்பிவைத்த அந்தக் கைதிகளின் பட்டியலில் ஒரு வரி: 'முத்தான், மாலுமி, பாகூர்.' கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தபோது அதில் வேலை பார்த்தவன்; பிற்பாடு இன்னொரு சண்டையில் பிடிபட்டான். பிடிபட்ட பிரெஞ்சு அதிகாரிகளை அவர்கள் நாடு மீட்டுக்கொண்டது. முத்தானைக் கேட்க நாதியில்லை. அடைபட்ட நாலாம் வருஷம் காய்ச்சலில் செத்தான், தான் பாய் கட்டிய அதே கப்பலுக்குள்.

உஷாராணி அந்த வரியைத் தமிழில் எழுதி, கீழே கோடு போட்டுக் கலைவேந்தனிடம் கொடுத்தாள்.

புத்தகம் வந்தது. உள்ளே, 'தட்டச்சு: உஷா' என்றிருந்தது. முத்தான் இல்லை.

"சார், முத்தான் எங்க?"

"அது பெரிய விஷயமில்லம்மா. படிக்கிறவனுக்குக் கப்பல்தான் முக்கியம்."

"நான் டைப் மட்டும் அடிக்கல சார். மொத்தமும் மொழிபெயர்த்தேன்."

"அதான் பேரு போட்டிருக்கேனே, இன்னும் இன்னா வேணும்?"

அன்றோடு நின்றுவிட்டாள். இப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை.

போன வருஷம் முத்தானைப் பற்றி நாலு பக்கம் எழுதி, ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டுமலருக்குக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, மலரைத் தொகுக்கும் பள்ளி ஆசிரியர் தமிழ்க்குமரன் கூப்பிட்டார்.

"புரொபசர் புத்தகத்தப் பார்த்துட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லையேம்மா."

"அந்தப் பட்டியலப் படிச்சதே நான்தான் சார்."

"காட்டுங்க, போட்டுடலாம்."

படங்களெல்லாம் கலைவேந்தன் கம்ப்யூட்டரில் இருந்தன. காட்ட அவளிடம் எதுவும் இல்லை. தமிழ்க்குமரன் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா ரோசம்மாள் கேட்டாள்: "எப்பவோ செத்தவனுக்கு இன்னாத்துக்குடி அழுவுற?"

"அவன் இருந்தானேம்மா," என்றாள் உஷாராணி.