வூடுன்னுதான் சொல்லுவேன்

இன்று வேப்பூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் கைப்பேசியைக் காட்டினாள். "எந்த ஊர்ப் பேச்சு புடிக்கும்னு ஓட்டுப் போடுறாங்கம்மா. உங்களுக்கு எது?"

நெல்லை என்றேன். திட்டினாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"புடிக்காதது?"

தஞ்சாவூர். பாவம், ஊர்மேல் தப்பில்லை. எழுபதுகளில் அங்கிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாதான் காரணம்.

அப்போது விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். வேலை செய்யும் இடம் எங்கே என்று கேட்டார்.

"வூட்டுக்குப் பின்னாலதாங்க இருக்குது."

அவர் என் அப்பாவிடம் திரும்பினார். "பொண்ணு லட்சணமா இருக்கா. இந்த வூடு கீடெல்லாம் மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க. எங்க ஆளுங்க சிரிப்பாங்க."

அப்பா தலையாட்டப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"இது எங்க வூடுங்க. காபி ஆறிடப் போவுது, குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க."

அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பக்கத்துப் பெண்ணாடத்துக்காரரைக் கட்டினேன். அவருக்கும் வூடுதான்.

பஸ்ஸில் அந்தப் பெண் கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினாள். "நம்ம ஊரு இதுல இல்லவே இல்லியேம்மா."

"இல்லாட்டி என்ன, நீயே சேத்துடு."

சேர்த்துவிட்டாள். இதுவரை எங்கள் இருவர் ஓட்டுதான் விழுந்திருக்கிறது. மத்தவங்க எல்லாம் வூட்டுல என்னதான் பண்றீங்க?